மலரில் பக்கம் எங்கே முறியவேண்டும்? பத்தி ஸ்டைலால் பக்கமுறிவைக் கட்டுப்படுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

திருகோணமலையில் மலர் போடாத கோயிலும் இல்லை, பாடசாலையும் இல்லை. கும்பாபிஷேகத்துக்கு ஒன்று, நூற்றாண்டுக்கு ஒன்று, வீட்டில் ஒருவர் காலமானால் 31ஆம் நாளுக்கு ஒரு நினைவு மலர். இதில் எல்லாமே பக்க வடிவமைப்புப் படித்தவர் கைக்குப் போவதில்லை. கொம்பியூட்டர் வைத்திருக்கும் ஒரு ஆசிரியரோ, பழைய மாணவரோ, வீட்டு மருமகனோ வேர்டிலோ லிப்ரே ஒஃபிஸ் ரைட்டரிலோ அடித்து, பீடிஎஃப் ஆக்கி அச்சகத்துக்குக் கொடுத்துவிடுவார். இந்த வழிகாட்டி அந்த மருமகனுக்கு. வளாகத்தில் ஆய்வறிக்கை எழுதும் பிள்ளைகளுக்கும் இதே கணக்குத்தான்.

தலைப்பு பக்கத்தின் அடியில் வந்துவிட்டால், அது அடுத்த பக்கத்துக்குப் போகும்வரை என்டர் தட்டுவார்கள். கொஞ்சம் விசயம் தெரிந்தவர் என்றால் கொன்ட்ரோல்+என்டர். இரண்டுமே அன்றைக்குச் சரியாகத்தான் இருக்கும். மறுநாள் ஒரு பிரமுகரின் ஆசிச் செய்தி வட்ஸ்அப்பில் வந்து சேரும். அதை முன்னால் செருகியதும் பின்னால் உள்ள அத்தனை பக்கமும் நகரும். என்டரால் தள்ளிய தலைப்பு பக்க நடுவில் வந்து நிற்கும். கொன்ட்ரோல்+என்டர் போட்ட இடத்துக்கு முன்னால் மூன்றே வரியோடு ஒரு பக்கம் வெறுமையாகக் கிடக்கும். பிறகு விடிய விடிய இருந்து ஒவ்வொன்றாகத் திருத்தவேண்டியதுதான்.

என்டரும் கொன்ட்ரோல்+என்டரும் ‘இந்த இடத்தில் முறி’ என்கின்றன. இடமோ ஒவ்வொரு திருத்தத்தோடும் மாறும். மாறாமல் இருப்பது பத்தியின் வகை. கட்டுரைத் தலைப்பு எப்போதும் புதுப் பக்கத்தில் தொடங்கவேண்டும். பாட்டு இரண்டாகப் பிளக்கக்கூடாது. கையொப்பம் தனியே அடுத்த பக்கத்துக்குப் போகக்கூடாது. இப்படி வகைக்கு ஒரு விதியாக, ஒருமுறை பத்தி ஸ்டைலுக்குள், அதாவது ஒரு வகைப் பத்திகளுக்கான அமைப்புகளை ஒரு பெயரில் சேர்த்துவைக்கும் இடத்தில், எழுதிவைத்தால் போதும். எத்தனை ஆசிச் செய்தி வந்தாலும் புரோகிராமே பார்த்துக்கொள்ளும்.

உதாரணத்துக்கு ஒரு கோயில் மலரை எடுத்துக்கொள்வோம். ஏ5 அளவு. முன்னால் வாழ்த்துச் செய்திகள், பிறகு சில கட்டுரைகள், ஒரு பதிகம், படங்கள், கடைசியில் உபயகாரர் பட்டியல். வேர்ட், ரைட்டர் இரண்டுக்கும் வழி சொல்கிறேன். மெனுப் பெயர்களை ஆங்கில இடைமுகத்தில் இருக்கிறபடியே தருகிறேன்.

ஸ்டைலுக்கு முன் துப்புரவு

முதலில் தாள் அளவை முடிவுசெய்யுங்கள். சில கொம்பியூட்டர்களில் புதிய கோப்பு லெட்டர் அளவில் திறக்கும். அது 216 × 279 மில்லிமீற்றர். நாங்கள் பாவிக்கிற ஏ4, 210 × 297. ஏ5 அதன் பாதி, 148 × 210. அளவு பிழையென்றால் பின்னால் செய்கிற எல்லாப் பக்கமுறிவும் பிழை. எழுத்துருவும் அப்படித்தான். நிர்மலா யுஐயில் ஒரு கணக்கு, லதாவில் இன்னொரு கணக்கு. ஒன்றைத் தெரிந்துவிட்டுப் பிறகு மாற்றாமல் இருப்பது நல்லது.

பாமினியில் அடித்த பழைய கட்டுரை வந்தால் அதை யுனிகோடுக்கு மாற்றிய பிறகே கோப்புக்குள் எடுங்கள். பாமினி இல்லாத கொம்பியூட்டரில் அந்தப் பந்தி ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும், வரிகளின் நீளமும் மாறிப்போகும். எந்தக் கட்டுரையையும் ஒட்டும்போது பேஸ்ட் ஸ்பெஷலில் ‘அன்ஃபோர்மட்டட் டெக்ஸ்ட்’ என்பதைத் தெரியுங்கள். இல்லாவிட்டால் எழுதியவரின் கோப்பில் இருந்த ஸ்டைல்களும் கூடவே குடிவந்துவிடும்.

அடுத்தது, மறைந்திருக்கும் குறிகளைக் காட்டச் செய்வது. வேர்டில் கொன்ட்ரோல்+ஷிஃப்ட்+8, ரைட்டரில் கொன்ட்ரோல்+எஃப்10. இப்போது வெற்றுப் பத்திகள் எல்லாம் ¶ குறியாகத் தெரியும். இவற்றை ஒன்றும் விடாமல் அகற்றவேண்டும். வேர்டில் ரீப்ளேஸ் பெட்டியைத் திறந்து, ‘மோர்’ அழுத்தி, ‘ஸ்பெஷல்’ பட்டியலில் ‘பராகிராஃப் மார்க்’ என்பதை இரண்டுமுறை தெரிந்து, கீழே ஒருமுறை தெரிந்து, ரீப்ளேஸ் ஓல் கொடுங்கள். மாற்ற எதுவும் இல்லை என்ற நிலை வரும்வரை திரும்பத் திரும்பக் கொடுக்கவேண்டும். அதே ‘ஸ்பெஷல்’ பட்டியலில் ‘மேனுவல் பேஜ் பிரேக்’ இருக்கிறது. அதைத் தேடவைத்து, மாற்றுப் பெட்டியை வெறுமையாக விட்டால் பழைய கொன்ட்ரோல்+என்டர் எல்லாம் போய்விடும். ரைட்டரில் ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்ஸ்’ என்பதில் டிக் போட்டு, ^$ என்று தேடி, வெறுமையால் மாற்றினால் வெற்றுப் பத்திகள் அகலும். கையால் போட்ட பக்கமுறிவுகளை அங்கே ஒவ்வொன்றாகத்தான் எடுக்கவேண்டும்: இரண்டு பக்கங்களுக்கு நடுவில் தெரியும் கோட்டின்மேல் மவுஸைக் கொண்டுபோனால் ஒரு சின்ன மெனு வரும், அதில் முறிவை நீக்கும் கட்டளை இருக்கும். ‘கிளியர் டைரக்ட் ஃபோர்மட்டிங்’ கொடுத்தால் இதுவும் போய்விடும் என்று நினைக்கவேண்டாம். அது பக்கமுறிவைத் தொடாது.

எல்லாவற்றையும் அகற்றியபின் கோப்பு நெருக்கமாக, அசிங்கமாகத்தான் இருக்கும். பரவாயில்லை. பத்திகளுக்கு நடுவில் வேண்டிய இடைவெளியை ஸ்டைலில் ‘ஸ்பேசிங்’ பகுதியில் கொடுக்கலாம். வெற்றுப் பத்தியால் இடைவெளி விடும் பழக்கம் இருக்கும்வரை கீழே சொல்லப்போவது ஒன்றும் வேலை செய்யாது.

தலைப்பு தானாகப் புதுப் பக்கம் எடுக்க

கட்டுரைத் தலைப்புக்குப் புதிதாக ஸ்டைல் செய்யவேண்டியதில்லை, இருக்கிற ‘ஹெடிங் 1’ போதும். பொருளடக்கத்தையும் தானாக எடுக்கலாம் என்பது இதில் கூடுதல் இலாபம். எல்லாத் தலைப்புகளுக்கும் முதலில் ‘ஹெடிங் 1’ கொடுங்கள்.

வேர்டில் ஹோம் பகுதியில் இருக்கும் ஸ்டைல் பட்டியலில் ‘ஹெடிங் 1’ மேல் வலது கிளிக், ‘மொடிஃபை’. திறக்கும் பெட்டியின் இடது கீழ் மூலையில் ‘ஃபோர்மட்’ பொத்தான் இருக்கும், அதில் ‘பராகிராஃப்’. அங்கே இரண்டாவது தாவல் ‘லைன் அண்ட் பேஜ் பிரேக்ஸ்’. இந்த வழிகாட்டியில் வேர்டுக்குச் சொல்லும் பெரும்பாலான வேலை இந்தத் தாவலில்தான் நடக்கும். ‘பேஜ் பிரேக் பிஃபோர்’ என்பதில் டிக் போட்டு ஓகே கொடுத்தால் முடிந்தது.

ரைட்டரில் எஃப்11 தட்டினால் ஸ்டைல் பட்டியல் பக்கத்தில் திறக்கும். ‘ஹெடிங் 1’ மேல் வலது கிளிக் செய்து திருத்தும் பெட்டியைத் திறந்து, ‘டெக்ஸ்ட் ஃப்ளோ’ தாவலுக்குப் போங்கள். ‘பிரேக்ஸ்’ பகுதியில் ‘இன்சேர்ட்’ டிக், வகை ‘பேஜ்’, இடம் ‘பிஃபோர்’.

ஓகே கொடுத்த உடனேயே மலரின் எல்லாக் கட்டுரைகளும் தத்தம் பக்கத்துக்கு ஓடிப்போய் உட்காருவதைப் பார்க்கலாம். கோப்பின் முதல் பத்தியே தலைப்பாக இருந்தால் அதற்கு முன் வெற்றுப் பக்கம் விழுமோ என்று பயப்படவேண்டாம், விழாது. அதற்கு முன்னால் ஒரு வெற்றுப் பத்தி கிடந்தால் மட்டும் விழும்.

ரைட்டரில் ஒரு எச்சரிக்கை. ‘ஹெடிங்’ என்று எண் இல்லாமல் ஒரு ஸ்டைல் இருக்கும். ‘ஹெடிங் 1’, ‘ஹெடிங் 2’ எல்லாம் அதன் பிள்ளைகள். தாய்க்குக் கொடுத்ததைப் பிள்ளைகள் எல்லாம் எடுத்துக்கொள்ளும். பக்கமுறிவை அங்கே போட்டுவிட்டால் ஒவ்வொரு உபதலைப்புக்கும் ஒரு பக்கம் செலவாகும். இதே பரம்பரைக் குணத்தை எங்களுக்குச் சாதகமாகவும் பாவிக்கலாம். வாழ்த்துச் செய்தியின் தலைப்பு கட்டுரைத் தலைப்பைவிடச் சின்னதாக, நடுவில் இருக்கவேண்டும் என்றால் ‘செய்தித் தலைப்பு’ என்று ஒரு புதிய ஸ்டைல் செய்யுங்கள். வேர்டில் ‘ஸ்டைல் பேஸ்ட் ஒன்’ என்ற இடத்திலும், ரைட்டரில் ‘இன்ஹெரிட் ஃப்ரொம்’ என்ற இடத்திலும் ‘ஹெடிங் 1’ என்று கொடுத்தால் பக்கமுறிவு தானாக வந்துவிடும். அளவையும் இடத்தையும் மட்டும் மாற்றினால் போதும். ரைட்டரில் இந்தப் புதிய ஸ்டைலுக்கு ‘அவுட்லைன் லெவல்’ 1 என்று இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் பொருளடக்கத்தில் வாழ்த்துச் செய்திகள் வராது. பிரமுகர்கள் முதலில் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான்!

உபதலைப்பும் தனி வரிகளும்

உபதலைப்பு பக்கத்தின் கடைசி வரியில் நிற்க, அதன் பந்தி மறுபக்கத்தில் தொடங்குவது பார்க்கச் சகிக்காது. ‘கீப் வித் நெக்ஸ்ட்’ என்ற விதி இதற்குத்தான்: இந்தப் பத்தியை அடுத்த பத்தியை விட்டுப் பிரிக்காதே. வேர்டிலும் ரைட்டரிலும் ஹெடிங் ஸ்டைல்களில் இது முன்கூட்டியே போட்டிருக்கும். அப்படியிருந்தும் உங்கள் கோப்பில் உபதலைப்பு அந்தரத்தில் நிற்கிறதென்றால் இரண்டு காரணம் இருக்கலாம். சாதாரணப் பந்தியைக் கையால் போல்ட் ஆக்கித் தலைப்புப்போலக் காட்டியிருப்பீர்கள். அல்லது தலைப்புக்கும் பந்திக்கும் நடுவில் ஒரு வெற்றுப் பத்தி இருக்கும். இரண்டாவது நிலையில் புரோகிராம் சொன்னதைச் சொன்னபடி செய்கிறது: தலைப்பை அந்த வெற்றுப் பத்தியோடு சேர்த்து வைத்திருக்கிறது.

பந்தியின் ஒரே ஒரு வரி பக்கத்தின் அடியிலோ தலையிலோ தனித்து நிற்பதைத் தடுப்பது ‘விடோ, ஓர்ஃபன் கொன்ட்ரோல்’. வேர்டில் இது போட்டே இருக்கும், வரி எண்ணிக்கையை மாற்ற முடியாது. ரைட்டரில் அடிக்கு எத்தனை வரி, தலைக்கு எத்தனை வரி என்று தனித்தனியே கொடுக்கலாம். ஏ5 போன்ற சின்னப் பக்கத்துக்கு 2, 2 போதும். கூட்டினால் பக்கங்களின் அடி ஒன்றுக்கொன்று ஏற்றத்தாழ்வாகத் தெரியும். 2, 2 என்றாலே மூன்று வரிப் பந்தி பிளவுபடாது என்பதைக் கவனியுங்கள். எப்படிப் பிரித்தாலும் ஒரு பக்கத்தில் ஒரு வரி மிஞ்சுமே.

பதிகம்: ஒரு பாட்டு, ஒரு பத்தி

மலர்களில் அதிகம் சிதைவது பாட்டுத்தான். முதல் இரண்டு அடி ஒரு பக்கத்தில், மீதி இரண்டு அடி தாளைப் புரட்டினால். கோயிலில் மலரைப் பார்த்துப் பாடுபவருக்கு அது எவ்வளவு கரைச்சல் என்று பாடிப் பார்த்தால் விளங்கும்.

பத்தியைப் பிளக்காதே என்று சொல்ல வேர்டில் ‘கீப் லைன்ஸ் டுகெதர்’ இருக்கிறது. ரைட்டரின் ‘டெக்ஸ்ட் ஃப்ளோ’ தாவலில் பழைய பதிப்புகளில் ‘டூ நொட் ஸ்பிளிட் பராகிராஃப்’ என்று இருக்கும், அதில் டிக் போடவேண்டும். புதிய பதிப்புகளில் ‘அலவ் டு ஸ்பிளிட் பராகிராஃப்’ என்று தலைகீழாக இருக்கும், அங்கே டிக்கை எடுக்கவேண்டும். ஆனால் ஸ்டைலில் இதைப் போட்ட பிறகும் பாட்டு பிளந்தே நிற்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். ஏனென்றால் ஒவ்வொரு அடியின் முடிவிலும் என்டர் தட்டியிருக்கிறது. எங்கள் கண்ணுக்கு நாலடிப் பாட்டு ஒன்று. புரோகிராமின் கணக்கில் ஒற்றை வரிப் பத்திகள் நாலு. ஒற்றை வரியைப் பிளக்க யாராலும் முடியாது. பத்திகளுக்கு நடுவில் முறிக்கவோ தடையே இல்லை.

ஆகவே அடிகளுக்கு நடுவில் ஷிஃப்ட்+என்டர், பாட்டு முடிந்ததும் மட்டும் என்டர். குறிகளைக் காட்டவைத்தால் ஷிஃப்ட்+என்டர் வளைந்த அம்புக்குறியாகத் தெரியும், என்டர் ¶ ஆக. நாலடிப் பாட்டில் மூன்று அம்பும் ஒரு ¶ உம் இருந்தால் சரி. ஏற்கெனவே அடித்த பாட்டு என்றால் வேர்டில் ஒரு பாட்டின் முதல் மூன்று அடிகளைத் தெரிந்து, ரீப்ளேஸ் பெட்டியின் ‘ஸ்பெஷல்’ பட்டியலில் மேலே ‘பராகிராஃப் மார்க்’, கீழே ‘மேனுவல் லைன் பிரேக்’ கொடுத்து மாற்றலாம். கோப்பின் மீதியிலும் தேடவா என்று கேட்கும். ‘நோ’ சொல்லவேண்டும், ‘யெஸ்’ சொன்னால் மலர் முழுவதும் ஒரே பத்தியாகிவிடும்.

இனி ‘பாட்டு’ என்று ஒரு ஸ்டைல் செய்து அதில் மூன்று காரியம் பாருங்கள். பிளக்காதிருக்கும் விதி. மேலும் கீழும் இடைவெளி. பிறகு, இடப்பக்க ஒழுங்கு. கடைசியானது ஏனென்றால், இருபக்கமும் ஒட்டிய ஒழுங்கில் இருக்கும் பத்தியில் ஷிஃப்ட்+என்டர் போட்டால் குறுகிய அடியும் பக்க அகலத்துக்கு இழுபட்டு, சொற்களுக்கு நடுவில் தோணி ஓட்டலாம்போல் இடைவெளி விழும். தமிழில் சொற்கள் நீளம் என்பதால் சாதாரணப் பந்தியிலேயே இந்த ஒழுங்கு ஏ5 பக்கத்தில் வடிவாக அமையாது என்பது என் கட்சி. அது வேறு கதை.

பாட்டுக்கு மேலே பண், இராகம் என்று ஒரு வரி வருமல்லவா, அந்த வரிக்கு ‘பண் வரி’ என்று தனி ஸ்டைலும் அதில் ‘கீப் வித் நெக்ஸ்ட்’ உம் வேண்டும். முழுப் பதிகத்தையும் ஒரே பக்கத்தில் அடக்க ஆசைப்பட்டுப் பாட்டு ஸ்டைலுக்கே ‘கீப் வித் நெக்ஸ்ட்’ கொடுப்பவர்கள் உண்டு. பத்துப் பாட்டும் சங்கிலியாகி ஒரு பக்கத்துக்குள் கொள்ளாமல் போனால் புரோகிராம் தன் விருப்பப்படி எங்கோ முறித்துவிடும். அப்போது விதி இருந்தும் இல்லாததுதான்.

கையொப்பம்: முன்னால் உள்ளதைப் பிடித்துவைக்க

வாழ்த்துச் செய்தியின் அமைப்பு எல்லாருக்கும் தெரிந்தது. தலைப்பு, மூன்று நாலு பந்தி, ‘மலர் சிறப்புற அமைய எனது நல்வாழ்த்துகள்’ என்று ஒரு சின்னப் பந்தி, பிறகு பெயர், பதவி, இடம். செய்தி ஒரு பக்கத்துக்கு ஒரு வரி கூடிவிட்டால் பெயரும் பதவியும் அடுத்த பக்கத்தில் தனியே போய் உட்காரும். முழுப் பக்கத்தில் பெயர் மட்டும்! அதைப் பார்த்துவிட்டு வருகிற தொலைபேசி அழைப்பு யாருக்கும் வேண்டாம்.

இங்கே சிக்கல், வேர்டிலும் ரைட்டரிலும் ‘அடுத்ததோடு சேர்’ என்று சொல்லலாமே தவிர ‘முந்தியதோடு சேர்’ என்று சொல்ல வழியில்லை. கையொப்பத்துக்கு எந்த விதி கொடுத்தாலும் அது முன்னால் இருப்பதைப் பிடிக்காது. பிடிக்கவேண்டியது அதற்கு முந்திய பந்தி. எனவே இரண்டு ஸ்டைல். ‘செய்தி நிறைவு’ என்பது அந்த நல்வாழ்த்துப் பந்திக்கு: சாதாரணப் பந்தி ஸ்டைலை அடிப்படையாகக் கொண்டு ‘கீப் வித் நெக்ஸ்ட்’ ஐ மட்டும் கூட்டியது. ‘கையொப்பம்’ என்பது பெயர், பதவி, இடம் மூன்றுக்கும்: ஷிஃப்ட்+என்டரால் பிரித்த ஒரே பத்தி, பிளக்காதிருக்கும் விதியோடு. இனி செய்தி நீண்டாலும் நல்வாழ்த்தும் பெயரும் ஒன்றாகத்தான் அடுத்த பக்கம் போகும். அது ஓரளவுக்குக் கண்ணியமாக இருக்கும். ஒரே பக்கத்தில் அடக்கத்தான் வேண்டுமென்றால் செய்தியின் எழுத்தளவை அரைப் புள்ளி குறைப்பதைவிட, எழுதியவரிடம் ஒரு வசனத்தைக் குறைக்கலாமா என்று கேட்பது மேல்.

‘செய்தி நிறைவு’ ஸ்டைலில் இன்னொரு சௌகரியமும் உண்டு. அதற்கு ‘அடுத்த ஸ்டைல்’ ஆகக் ‘கையொப்பம்’ என்று கொடுத்துவைத்தால், அந்தப் பந்தியின் முடிவில் என்டர் தட்டியதும் கையொப்ப ஸ்டைல் தானாக வரும். வேர்டில் இதன் பெயர் ‘ஸ்டைல் ஃபொர் ஃபொலோயிங் பராகிராஃப்’, ரைட்டரில் ‘நெக்ஸ்ட் ஸ்டைல்’.

படம்

படத்துக்கும் அதன் விளக்க வரிக்கும் இதே உபாயம். கோட்டைக்குள் நிற்கும் மான்களின் படம் ஒரு பக்கத்திலும், ‘பிரெட்றிக் கோட்டை வாசலில் புள்ளிமான்கள்’ என்ற வரி மறுபக்கத்தில் தேர்ப் படத்துக்கு மேலேயும் வந்தால் வாசிப்பவர் திகைப்பார். படத்தைத் தனிப் பத்தியில் வைத்து, வேர்டில் ‘இன் லைன் வித் டெக்ஸ்ட்’, ரைட்டரில் ‘அங்கர் அஸ் கரெக்டர்’ ஆக்குங்கள். அந்தப் பத்திக்குப் ‘படம்’ என்று ஒரு ஸ்டைல், அதில் ‘கீப் வித் நெக்ஸ்ட்’. மிதக்கும் படங்களுக்குப் பத்தி விதிகளை நம்பமுடியாது.

அட்டவணை

கட்டுரை ஒன்றில் இப்படி ஒரு காலவரிசை அட்டவணை இருக்கிறது என்று வைப்போம்: 1782 ஜனவரியில் திருகோணமலை ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியர் கைக்கு, அதே ஆண்டு ஓகஸ்டில் பிரெஞ்சுக்காரர் கைக்கு, 1795இல் மறுபடி பிரித்தானியர், 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானத் தாக்குதல், 1957இல் கடற்படைத் தளம் இலங்கையிடம். ஒவ்வொரு ஆண்டுக்கும் எதிரே நாலைந்து வரி விளக்கம். 1942க்கான விளக்கத்தில் பாதி மறுபக்கம் போய்விட்டால், அங்கே ஆண்டு இல்லாத ஒரு மொட்டைக் கட்டம் நிற்கும்.

வேர்டில் அட்டவணையை முழுவதும் தெரிந்து, ‘டேபிள் ப்ரொபர்ட்டீஸ்’ இல் ‘ரோ’ தாவலுக்குப் போய் ‘அலவ் ரோ டு பிரேக் அக்ரோஸ் பேஜஸ்’ டிக்கை எடுங்கள். பிறகு தலைவரியை மட்டும் தெரிந்து, அதே இடத்தில் ‘ரிப்பீட் அஸ் ஹெடர் ரோ’ டிக் போடுங்கள். ரைட்டரில் ‘டேபிள்’ மெனுவில் ‘ப்ரொபர்ட்டீஸ்’, ‘டெக்ஸ்ட் ஃப்ளோ’ தாவலில் இரண்டும் அருகருகே இருக்கும். உபயகாரர் பட்டியல்போல் பல பக்கம் ஓடும் அட்டவணைக்கு இந்தத் தலைவரி விசயம் முக்கியம். ‘திருவிழா, உபயகாரர், ஊர்’ என்ற தலைவரி ஒவ்வொரு பக்கத்திலும் வரும். வேர்டில் அட்டவணைக்கு நடுவில் கையால் பக்கமுறிவு போட்டால் மட்டும் அது திரும்ப வராது. அட்டவணையைச் சுற்றி எழுத்து ஓடும்படி விட்டிருந்தாலும் வராது. ‘டெக்ஸ்ட் ரப்பிங்’ என்பதை ‘நன்’ ஆக்குங்கள்.

சின்ன அட்டவணை பிளக்கவே கூடாது என்றால் ரைட்டரில் அதே தாவலில் அட்டவணை பிரிவதை அனுமதிக்கும் டிக் ஒன்று இருக்கிறது, அதை எடுத்துவிட்டால் போதும். வேர்டில் அப்படி ஒன்று கிடையாது. கடைசி வரிசையைத் தவிர மற்ற வரிசைகளில் உள்ள பத்திகளுக்கெல்லாம் ‘கீப் வித் நெக்ஸ்ட்’ உள்ள ஒரு ஸ்டைல் கொடுக்கவேண்டும். கடைசி வரிசையையும் சேர்த்துக் கொடுத்தால் கீழே வரும் பந்தியும் அட்டவணையோடு ஒட்டிக்கொள்ளும்.

கட்டுரை வலப் பக்கத்தில் தொடங்க

சில மலர்க் குழுக்கள் முக்கியமான கட்டுரைகள் வலப் பக்கத்தில், அதாவது ஒற்றை எண் பக்கத்தில், தொடங்கவேண்டும் என்று நிற்பார்கள். ரைட்டர் இதில் கெட்டிக்காரன். ‘கட்டுரை முதல் பக்கம்’ என்று ஒரு பக்க ஸ்டைல் செய்து, ‘பேஜ் லேஅவுட்’ ஐ ‘ஒன்லி ரைட்’ ஆக்கி, அடுத்த ஸ்டைலாக வழமையான பக்க ஸ்டைலைக் கொடுங்கள். பிறகு ‘ஹெடிங் 1’ இன் ‘டெக்ஸ்ட் ஃப்ளோ’ தாவலில், முன்னர் ‘இன்சேர்ட்’ டிக் போட்ட இடத்திலேயே ‘வித் பேஜ் ஸ்டைல்’ டிக் போட்டு இந்தப் புதிய பக்க ஸ்டைலைத் தெரியுங்கள். பக்கத்திலுள்ள ‘பேஜ் நம்பர்’ பெட்டியைத் தொடவேண்டாம். அதில் 1 போட்டால் ஒவ்வொரு கட்டுரையும் முதலாம் பக்கமாகிவிடும். ‘செய்தித் தலைப்பு’ உம் இதைப் பரம்பரையாக எடுத்துக்கொள்ளும் என்பதால், அந்த ஸ்டைலில் ‘வித் பேஜ் ஸ்டைல்’ டிக்கை எடுத்துவிட மறக்கவேண்டாம். இடையில் தேவைப்படும் வெற்றுப் பக்கத்தை ரைட்டரே செருகும். பீடிஎஃப் ஆக்கும்போது, தானாகச் செருகிய வெற்றுப் பக்கங்களையும் ஏற்றுமதி செய் என்ற டிக் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் அச்சில் வலம் இடமாகும்.

வேர்டில் இந்த விதியைப் பத்தி ஸ்டைலுக்குள் வைக்க முடியாது. ‘லேஅவுட்’, ‘பிரேக்ஸ்’, ‘ஓட் பேஜ்’ என்று ஒவ்வொரு கட்டுரைக்கு முன்னும் கையால் செக்‌ஷன் பிரேக் போடவேண்டும். இதற்காகவே தடித்த மலர்களை நான் ரைட்டரில் செய்யச் சொல்வேன்.

பக்க அடியில் பெரிய வெள்ளை விழுந்தால்

இதற்கு முக்கால்வாசிக் காரணம் ‘கீப் வித் நெக்ஸ்ட்’ சங்கிலி. வேர்டில் குறிகளைக் காட்டவைத்தால், இத்தகைய விதி உள்ள பத்திகளின் இடப்பக்கத்தில் சின்னக் கறுப்புச் சதுரம் நிற்கும். வெள்ளைக்கு அடுத்த பக்கத்தின் தலையிலிருந்து வரிசையாகச் சதுரங்கள் தெரிந்தால் ஆள் பிடிபட்டது. சாதாரணப் பந்திக்கு யாரோ கையால் அந்த விதியைக் கொடுத்திருந்தால், பந்தியில் நின்று கொன்ட்ரோல்+கியூ தட்டுங்கள். பந்தி தன் ஸ்டைலின் அமைப்புக்குத் திரும்பிவிடும். ரைட்டரில் பக்கப்பட்டியில் ‘ஸ்டைல் இன்ஸ்பெக்டர்’ இருக்கிறது. எந்தக் குணம் ஸ்டைலிலிருந்து வந்தது, எது கையால் போட்டது என்று அது பிரித்துக் காட்டும். கூகிள் டொக்ஸிலும் ‘கீப் வித் நெக்ஸ்ட்’, ‘கீப் லைன்ஸ் டுகெதர்’ எல்லாம் வரி இடைவெளி மெனுவில் உண்டு. கட்டுரை வாங்கித் திருத்த அது வசதி, மலரை முடிப்பதற்கு அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

அச்சகத்துக்கு முன்

கோப்பின் ஒரு பிரதியை எடுத்து, முதல் செய்திக்குள் பத்துப் பதினைந்து வரி ஏதாவது ஒட்டிப் பாருங்கள். பிறகு பந்தி ஸ்டைலின் எழுத்தளவை 11இலிருந்து 12 ஆக்கிப் பாருங்கள். இரண்டு தடவையும் மலரை முதலிலிருந்து கடைசிவரை உருட்டிக்கொண்டு போனால், தலைப்புகள் பக்கத் தலையில்தான் இருக்கவேண்டும், பாட்டுகள் முழுதாக இருக்கவேண்டும், கையொப்பங்கள் தனித்து நிற்கக்கூடாது. எங்காவது பிசகினால் அந்த இடத்தில் ஒரு பத்திக்கு ஸ்டைல் கொடுக்க விட்டுப்போயிருக்கும். பிரதியைத் தூக்கிப் போட்டுவிட்டு மூலக் கோப்பில் அதை மட்டும் திருத்துங்கள்.

அச்சகத்துக்குப் பீடிஎஃப் ஆகவே கொடுங்கள். வேர்ட் கோப்பாகக் கொடுத்தால், உங்கள் எழுத்துரு அங்கே இல்லாதபோது வேறொன்று அந்த இடத்தைப் பிடிக்கும், வரிகள் மாறும், பக்கங்களும் மாறும். நடுவில் கம்பி அடிக்கும் ஏ5 மலர் என்றால் மொத்தப் பக்கம் நாலால் பிரிபடவேண்டும், ஏனென்றால் மடித்த ஏ4 தாள் ஒன்றில் நாலு பக்கம் இருக்கும். 78 பக்கம் வந்தால் இரண்டு பக்கம் கூட்டவேண்டும். ‘குறிப்புகள்’ என்று ஒரு தலைப்பைக் கடைசியில் ‘ஹெடிங் 1’ இல் அடித்துவிடுங்கள், அது தானாகப் புதுப் பக்கம் எடுக்கும். மிஞ்சும் மற்றப் பக்கத்துக்கு எப்படியும் ஒரு விளம்பரம் வந்து சேரும்.